வேலி தாண்டி வந்த வசவு

நஞ்சுண்டனுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் வெட்டியவர் கூடப் பிறந்த தம்பி தனபால். வெட்டின ஆளுக்கு என்ன மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வெள்ளகோவில் பக்கம் அப்படித்தான். அரிவாளை ஓங்கிக்கொண்டு வருகிறவரையும் "வாராருங்க" என்றுதான் சொல்வார்கள். நாமும் அதைக் குறைக்க வேண்டாம்.

எல்லாம் ஒரு கிணற்றால் வந்தது. அப்பா போன பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை என்று ஊரில் பேசி வைத்தார்கள். மழை பெய்கிறவரை அந்தப் பேச்சு நின்றது. மழை பொய்த்த ஒரு கோடையில், தன் முறை நாளில் தனபால் தோட்டத்துக்கு வந்தால், அண்ணனுடைய முருங்கைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று கரண்ட் இல்லை, அந்த நேரத்தை ஈடு கட்டுகிறேன் என்றார் நஞ்சுண்டன். பேச்சு நியாயமானதுதான். வாய்க்காலைக் கூடத் திரும்பிப் பார்க்காமல், வரப்பில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார் பாருங்கள், அதுதான் வினை. தனபால் அரிவாளை வீசினார். நஞ்சுண்டன் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்தார். விரல்கள் வாய்க்காலில் விழுந்து தண்ணீரோடு முருங்கைக்குப் போயின. ரத்தம் பீய்ச்சுகிற அந்தக் கையோடேயே நஞ்சுண்டன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அடித்துத் தம்பியின் தோள்பட்டையை உடைத்தார்.

போலீஸ் வந்தது, கோர்ட்டுக்குப் போனார்கள், உறவுக்காரர்கள் நடுவில் புகுந்து சமாதானம் என்று ஒன்றை எழுதி வாங்கினார்கள். சமாதானம் பேப்பரில் இருந்தது. தோட்டத்தில் அண்ணனுடைய சோளத்தட்டுப் போர் எரிந்தது. அடுத்த வாரம் தம்பியின் தென்னங்கன்றுகள் வரிசையாகத் தலை இல்லாமல் நின்றன. ஒருவருடைய மோட்டார் ஒயரை இன்னொருவர் அறுத்தார். நடுவில் கிளுவை முள்வேலி போட்டார்கள். வேலி போட்ட பிறகு கைகலப்பு குறைந்தது, வாய் ஆரம்பித்தது.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்த வரும்போது தனபால் வேலியோரம் நின்று ஒரு வசவு வைவார். வருஷக்கணக்கில் அதே வசவு, ஒரு சொல் மாறாது. "டேய் நஞ்சுண்டா, கெணத்தத் திருடுன ஆகாவழி, உன்ற குடி வெளங்குமாடா, உன்ற ஊட்டுல வெளக்கு எரியுமாடா, உன்ற காட்டுல புல்லு மொளைக்குமாடா, நீ நாசமாப் போக!" அத்தனையும் ஒரே மூச்சில் வரும். நடுவில் ஒரு இடத்திலும் நிற்காது. காளை மாதிரி நெஞ்சு அவருக்கு. நஞ்சுண்டன் தன் பக்கத்திலிருந்து அதைவிட மோசமாக ஒன்றைத் திருப்பி அனுப்புவார். நஞ்சுண்டனின் மனைவி சாமியாத்தாள் அந்தச் சத்தம் கேட்டதும் ஆடுகளைப் பட்டியில் அடைப்பார். அவருக்கு அதுதான் கடிகாரம்.

பிறகு ஒரு நாள் தனபாலின் கையிலிருந்து அரிவாள் நழுவியது. தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர், குனிந்து எடுத்தார், மறுபடி நழுவியது. வேலிக்கு இந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நஞ்சுண்டன் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சில மாதங்களில் வலது கை சூம்பிப் போயிற்று. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். நரம்பு வியாதி, தசைக்குச் சொல்லியனுப்புகிற நரம்பே ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி, மோட்டார் நியூரான் என்று பேர், மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நஞ்சுண்டன் டீக்கடையில் சத்தமாகச் சொன்னார். "என்ற வெரலுக்கு சாமி கணக்கு முடிச்சுப்போட்டுதுங்க. அவனுக்கு ஒரு கையே போச்சு." ஒருவரும் சிரிக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த அரங்கசாமி கண்ணாடி டம்ளரை நஞ்சுண்டனுக்கு முன்னால் நங்கென்று வைத்தார். நஞ்சுண்டனுக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவர்.

ஆண்கள் வெட்டிக்கொண்டாலும் பெண்கள் பேசிக்கொள்வார்கள். தனபாலின் மனைவி பிரவீனாவும் சாமியாத்தாளும் முருங்கைக்காய் எடை போடுகிற இடத்தில் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அங்கே பேசியதெல்லாம் சாமியாத்தாள் மூலம் நஞ்சுண்டனுக்கு வரும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே முழுதாகக் கேட்பார்.

"கையுங் காலும் போறது மெதுவாத்தான் போகுமாம்ங்க" என்றார் சாமியாத்தாள். "மூச்சுதான் பயமாம். மூச்சு இழுக்கற தசை பொட்டாட்ட பலம் கொறைஞ்சிட்டே வருமாம், வெளிய தெரியாதாம். அது கொறையறத முன்னாலயே கண்டுபுடிச்சு, தூங்கறப்ப மூக்குக்கு ஒரு மிஷின் மாட்டுனா, ரொம்ப நாளைக்கு நல்லா இருக்கலாமாம். கண்டுபுடிக்காம உட்டா, ஒரு சளி புடிச்சாப் போதுமாம், ஆளு போயிருமாம்."

"போறான். எனக்கென்ன?"

"டாக்டரம்மா ஒவ்வொருக்காவும் குழாயில ஊதச் சொல்லுதாம். இவரு ஆங்காரமா ஊதுறாராம், நம்பர் நல்லாத்தான் வருதாம். படுத்துட்டு ஊதுங்கன்னு சொன்னா மட்டும் மாட்டேங்கறாராம்."

"ஏனாம்?"

சாமியாத்தாள் கொஞ்சம் தயங்கினார். "எதிரி இருக்கறவன் மல்லாக்கப் படுக்க மாட்டான்னு டாக்டரம்மா கிட்டயே சொல்லிப்போட்டாராம்."

நஞ்சுண்டனுக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாம். அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான். தனபால் கட்டிலை விட்டுவிட்டார் என்று அடுத்து ஒரு சேதி வந்தது. வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்தே இருக்கிறாராம். கேட்டால், கை விளங்காத நேரம் பார்த்து அண்ணன் வந்து வெட்டுவான், நான் காவல் இருக்கிறேன் என்கிறாராம். காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாராம். பகலில் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கி வழிகிறாராம். ராத்திரியெல்லாம் கண் முழித்தால் இதெல்லாம் வராதா என்று வீட்டில் நினைத்தார்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

இரண்டு விரல் போனபோது வராத கோபம் நஞ்சுண்டனுக்கு அப்போது வந்தது. "கை தூக்க முடியாதவன வெட்டறதுக்கு நா என்ன பேடியா?" என்று கத்திக் கடப்பாரையைத் தூக்கி வாசல் திண்டில் அடித்தார், திண்டு பெயர்ந்தது. தான் அடித்தால் எதிரே நின்று அடிக்கிற ஆள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் தம்பி கல்லைப் போட்டுவிட்டார்.

அந்தக் கோபத்தோடு வேலியோரம் போனவருக்குத்தான் வேறொன்று காதில் விழுந்தது. "டேய் நஞ்சுண்டா, கெணத்தத் திருடுன ஆகாவழி" என்ற இடத்தில் தனபால் நின்றார். மூச்சு இழுத்தார். "உன்ற குடி வெளங்குமாடா." மறுபடி நின்றார். நஞ்சுண்டன் முதலில் இது புது அவமானம் என்று நினைத்தார், நிறுத்தி நிறுத்தி வைகிறான் என்று. ஆனால் நாளாக ஆக நிற்கிற இடங்கள் கூடின. புல்லு வரைக்கும் போகவே இல்லை, விளக்கோடு முடிந்துவிட்டது. நஞ்சுண்டன் பதிலுக்கு நீளமாக ஒன்று வைதால் அந்தப் பக்கம் வெறும் இருமல். ருசியே போய்விட்டது. தனக்கு ஏன் சங்கடமாக இருக்கிறது என்று நஞ்சுண்டனுக்குப் புரியவில்லை, அதனால் ஆட்டை அடித்தார்.

"அவனுக்கு வையறதுக்கு மூச்சு பத்தலடி" என்றார் சாமியாத்தாளிடம், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அந்தப் பிரவீனா அம்மணிகிட்டச் சொல்லிப்போடு. குழாய்ல நம்பர் நல்லா வந்தா ஆச்சா? உக்காந்துட்டுக் கோவத்துல ஊதுனா எவனுக்குத்தான் வராது."

சொன்னது நல்லதுக்குத்தான். சேதி நாலு காதைத் தாண்டித் தனபாலிடம் போனபோது, "உங்கண்ணன் உங்க மூச்சை எண்ணிட்டிருக்காரு" என்று போயிற்று. சாவுக்கு நாள் பார்க்கிறான் என்று தனபால் எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் நஞ்சுண்டன் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரம். நஞ்சுண்டன் பட்டியிலிருந்து ஆடுகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். கிளுவை முள் முறிகிற சத்தம் கேட்டது. தனபால் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். முள் கிழித்து மார்பெல்லாம் ரத்தம். வலது கை வெறுமனே தொங்கியது, நொட்டாங்கையில் அரிவாள்.

"எண்ணுடா," என்றார். மூச்சு வாங்கியது. "எண்ணுடா என்ற மூச்ச."

அரிவாள் இறங்கியது. பலம் இருந்த காலமாக இருந்தால் கழுத்து போயிருக்கும். நஞ்சுண்டனின் தோளில் சதையைக் கிழித்துக்கொண்டு வழுக்கியது. வலியை விட அந்த வெட்டின் பலவீனம்தான் நஞ்சுண்டனுக்கு உறைத்தது, இருந்தாலும் கை தானாகத் திருப்பிக் கொடுத்தது. தம்பியின் மணிக்கட்டை முறுக்கி அரிவாளைப் பிடுங்கி எறிந்தார். கன்னத்தில் ஓங்கி அறைந்தார். தனபால் எட்டி உதைத்தார், நஞ்சுண்டன் முழங்காலில் பட்டது. இருவரும் ஆட்டுப் புழுக்கையில் புரண்டார்கள். கடைசியில் நஞ்சுண்டன் நெஞ்சைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். தனபால் மல்லாந்து விழுந்தார்.

நஞ்சுண்டன் எழுந்து கடப்பாரையை எடுத்தார். எழுந்து வா, எதிரே நின்று வா என்று கத்தினார். தனபால் வரவில்லை. அவர் மேல் யாரும் உட்காரவில்லை, கழுத்தை யாரும் பிடிக்கவில்லை, வெறும் தரையில் மல்லாக்கக் கிடந்தார், அவ்வளவுதான். ஆனால் கிணற்றில் முங்குகிறவர் மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது. கண் பிதுங்கியது. மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே வரவேண்டியதற்குப் பதிலாக உள்ளே குழிந்து போயிற்று. உதடு நீலம் கட்டியது. நொட்டாங்கை தரையைப் பிறாண்டியது.

நஞ்சுண்டன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார். தம்பியின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிப் பட்டித் தூணில் சாய்த்து உட்கார வைத்தார். உட்கார்ந்த உடனே ஒரு பெரிய இழுப்பு, பிறகு இன்னொன்று. நிறம் திரும்பியது. நஞ்சுண்டனின் தோள் ரத்தம் தம்பியின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

"படுத்தா முடியாதாடா உனக்கு?" என்றார் நஞ்சுண்டன்.

தனபால் நொட்டாங்கையால் தூணைப் பற்றிக்கொண்டார்.

"அதுக்குத்தான் நாற்காலியா? நா வந்து வெட்டுவேன்னு சொன்னதெல்லாம்?"

தனபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கட்டில்ல படுத்தா... யாரோ நெஞ்சு மேல... உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்றார். "மொதல்ல... நீதான்னு நெனச்சேன். அப்பறம்... நீ இல்லைன்னு தெரிஞ்சுது. படுக்கப் பயப்படறேன்னு... ஊருல சொல்றதுக்கு... உன்னயச் சொல்லிக்கலாம்னு..."

நஞ்சுண்டன் அந்த இடத்திலேயே தம்பியை இன்னொரு அறை அறைந்தார். பிறகு அழுதார். அறைந்ததற்கு அழவில்லை, இத்தனை நாள் அந்த நாற்காலியை நினைத்துக் கோபப்பட்டதற்கு அழுதார்.

காரைப் பிடித்துக் காங்கேயம், பல்லடம் வழியாகக் கோயமுத்தூருக்குப் போனார்கள். நஞ்சுண்டன் தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு, தம்பி சாய்ந்துவிடாமல் வழியெல்லாம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பிரவீனா முன் ஸீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எது பயம் என்றே புரியவில்லை, தம்பியின் மூச்சா, அண்ணனின் கையா.

டாக்டர் லாஸ்யா இளவயதுப் பெண். முதலில் நஞ்சுண்டனின் தோளைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"தம்பி வெட்டிப்போட்டானுங்க."

"அவருக்கு?"

"நா மல்லாக்கத் தள்ளிப்போட்டேனுங்க. தள்ளுனதும் மூச்சு நின்னு போச்சுங்க. தூக்கி உக்கார வெச்சா வருதுங்க, படுத்தா நிக்குதுங்க. வயிறு உள்ள போவுதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவங்களா நீங்க ரெண்டு பேரும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு பிரவீனா பக்கம் திரும்பினார். "நான் போன தடவையே கேட்டேனே அக்கா. படுத்துத் தூங்கறாரா, காலைல தலைவலி இருக்கா, பகல்ல தூங்கறாரா, பேச்சு நடுவுல நிக்குதான்னு. எல்லாத்துக்கும் நல்லா இருக்காருன்னு சொன்னீங்களே. அதுதாங்க நமக்கு முன்னாடியே சொல்ற அடையாளம்."

பிரவீனாவுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "மடியில அருவாள வெச்சுட்டு உக்காந்திருக்காருன்னு ஆஸ்பத்திரியில எப்புடிங்க சொல்றது? போலீசுக்குச் சொல்லீருவீங்களோன்னு..."

தனபாலைப் படுக்க வைத்து ஊதச் சொன்னார்கள். படுக்கையைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நஞ்சுண்டன் தலைமாட்டில் போய் நின்றார். "படு. நா இங்கதான் நிக்கறேன். மூச்சு முட்டுனா அந்தச் செகண்டே தூக்கிருவேன்." எந்த ஆளுக்குப் பயந்து காவல் இருப்பதாகச் சொன்னாரோ, அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு தனபால் மல்லாந்து படுத்தார். ஊதியது, உட்கார்ந்து ஊதியதில் பாதி கூட வரவில்லை.

"வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கற தசை களைச்சுப் போச்சு" என்றார் டாக்டர். "உக்காந்திருக்கும்போது மத்த தசையெல்லாம் சேர்ந்து முட்டுக் குடுக்குது, அதனால தெரியல. இன்னிக்கே மிஷின் மாட்டணும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நிலைமை வேற மாதிரி ஆயிருக்கும். ஒண்ணு சொல்லிடறேன், நோய் நிக்காது. பேச்சும் ஒரு நாள் போகலாம். ஆனா இருக்கற நாள் நல்ல நாளா இருக்கும், நாளும் கூடும்."

தனபால் மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வாய்க்கூடு... கட்டற மாதிரி... எனக்கு வேண்டாம்" என்றார்.

"மாட்டலீன்னா மறுக்கா மல்லாக்கத் தள்ளுவேன்" என்றார் நஞ்சுண்டன். டாக்டர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

மிஷின் வீட்டுக்கு வந்தது. தனபால் கட்டிலில் தலையை உயர்த்தி வைத்துத் தூங்கினார். காலைத் தலைவலி போயிற்று. நாற்காலியும் அரிவாளும் உள்ளே போயின. ஆனால் மாஸ்க் மாட்டுகிற நேரம் வந்தால் பிரவீனாவைக் கண்டபடி ஏசி, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, பட்டையைக் கட்டவிடாமல் செய்தார். மூன்றாம் நாள் பிரவீனா வேலியோரம் வந்து நின்றார். "பெரிய மாமா, உங்களுக்குத்தானுங்க அடங்குவாரு. சித்தெ வாங்க."

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் நஞ்சுண்டன், தனபால் பிய்த்த அந்த ஓட்டை வழியாகவே அந்தப் பக்கம் போவார். வேலியை அடைக்கவில்லை. தம்பி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் வந்து நின்றதும் வசவு ஆரம்பிக்கும். இப்போது நேருக்கு நேர். "டேய் நஞ்சுண்டா, கெணத்தத் திருடுன ஆகாவழி," என்று தொடங்கி, புல்லைத் தாண்டி, நாசமாப் போக வரைக்கும் ஒரே மூச்சில் போயிற்று ஒரு நாள். பிரவீனா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நஞ்சுண்டன் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மூன்று விரல் கையால் பட்டையை இழுத்து மாட்டினார். மாட்டிவிட்டால் பேச முடியாது, அதனால் முடிக்கிறவரை காத்திருப்பார். நடுவில் ஒரு நாளும் மாட்டியதில்லை.

வசவு முன்னைவிட ஒரு இடம் கூடுதலாக நின்றால் மறுநாளே டாக்டருக்கு போன் போகும். மிஷினில் காற்றைக் கூட்டி வைப்பார்கள், மறுபடி கொஞ்ச நாளைக்கு வசவு நீளும். அப்படியே முருங்கை ஒரு காய்ப்பு முடிந்து மறு காய்ப்பு வந்தது. தனபாலின் கால் போயிற்று. கழுத்துக்குத் தலையணை முட்டுக் கொடுத்தார்கள். கிணற்று முறையைப் பற்றி யாரும் பேசவில்லை, இரண்டு தோட்டத்துக்கும் நஞ்சுண்டனே தண்ணீர் கட்டினார்.

ஒரு சாயங்காலம் நஞ்சுண்டன் போய் நின்றார். தனபால் அவர் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தார்.

"டேய் நஞ்சுண்டா," என்றார். மூச்சு இழுத்தார். நாக்கு குழறியது. "கெணத்தத்... திருடுன..." கண்ணை மூடித் திறந்தார். "உன்ற ஊட்டுல... வெளக்கு..."

அதோடு நின்றது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். நஞ்சுண்டன் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பியின் கண்ணில் அந்தப் பழைய ஆங்காரம் அப்படியே இருந்தது, அதைத் தள்ளி வெளியே அனுப்பக் காற்றுதான் இல்லை.

நஞ்சுண்டன் குனிந்து, தம்பியின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, மீதியைத் தானே சொன்னார். "எரியுமாடா. உன்ற காட்டுல புல்லு மொளைக்குமாடா, நீ நாசமாப் போக."

தனபால் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நஞ்சுண்டன் பட்டையை இழுத்து மாட்டினார்.